பவுன் இறந்த நேரம்

பவுன் செத்துப்போனது 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை மணிக்குச் செத்தாள் என்பதில்தான் புனே நகரத்தின் படித்த மனிதர்கள் ஏழு பேர் ஒரு நாளுக்கு மேல் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒருவேளை காரியம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

பவுன் அந்த ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக ஆயா. அங்கே ஆயாவை ‘மாவ்ஷி’ என்பார்கள், மராத்தியில் சின்னம்மா. டயாலிசிஸ் வார்டும் தீவிர சிகிச்சைப் பிரிவும் அவள் பொறுப்பு. கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பரமசிவம் அவள் புருஷன். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் ஆகியும் மராத்தியில் சண்டை போட மட்டும் கற்றுக்கொள்ளாத மனிதர். பிள்ளை இல்லை. இருவர் மட்டும் இருந்த வீடு.

திங்கட்கிழமை மத்தியானம், துவைத்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்த பவுன் வாசலிலேயே விழுந்தாள். மூளைக்குள் ரத்தம் கொட்டிவிட்டது. அவள் பதினெட்டு வருஷமாக விரிப்பு மாற்றிய கட்டில்களில் ஒன்றில் அவளையே படுக்கவைத்துக் குழாய்களை மாட்டினார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் சோதனை செய்து, மூளை செத்துவிட்டது போலத் தெரிகிறது என்றார்கள். சட்டப்படி ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு சோதனை செய்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்லலாம். பவுன் இரண்டு மணிவரை காத்திருக்கவில்லை. பதினோரு மணிக்கு அவள் இதயம் நின்றுவிட்டது. ஷிஃப்டு முடியாமல் ஒரு நாளும் வீட்டுக்குக் கிளம்பாதவள் கடைசியில் செய்த ஒரே ஒழுங்கீனம் இதுதான்.

இதயம் நின்றுவிட்டால் தானத்துக்கு மற்ற உறுப்பெல்லாம் போயிற்று; சிறுநீரகங்களை மட்டும் காப்பாற்றலாம். ஐந்து நிமிடம் யாரும் கை வைக்காமல் காத்திருந்து, மரணத்தை அறிவித்து, எதிரே உள்ள அறுவை அரங்கத்துக்கு ஓடி, குளிர்ந்த திரவத்தை உள்ளே செலுத்த வேண்டும். ரத்தம் ஓடாத சிறுநீரகம் உடம்பின் சூட்டில் நிமிடத்துக்கு நிமிடம் கெட்டுப்போகும். இதற்காகவே அந்த ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்திருந்தார்கள். அதன்பிறகு வெட்டுவதற்கு எதுவும் வரவில்லை.

டாக்டர் மிருணால் கோர்படே என்ற இளம் பெண் சர்ஜன் பரமசிவத்தின் முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்க இந்தியில் கேட்டாள். அவர் யோசிக்கவில்லை.

“எடுத்துக்கோம்மா. அது எங்கிட்ட எப்பவோ சொல்லி வச்சிருக்குது. அந்த ஜான்சிப் பொண்ணுக்குப் போவணும்னு சொல்லும்.”

“யாருக்குன்னு நாம சொல்ல முடியாது. பட்டியல் இருக்கு.”

“பட்டியல்ல அவதான் மொதல்ல இருக்காளாமே. எங்க வூட்ல தினம் பாத்துட்டு வந்து சொல்லும்.”

உண்மைதான். ஓ வகை ரத்தத்துக்கான பட்டியலில் முதல் பெயர் ஜான்சி. தேஹு ரோடில் வீடு, இருபத்து நாலு வயது. மூன்று வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை அந்த வார்டில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டிப்போட்ட மாதிரி படுத்திருப்பாள். கால் மரத்துப்போகும்போது பவுன் வந்து பிடித்துவிடுவாள். தாகம் தாங்காமல் அழும்போது ஐஸ் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி உதட்டில் வைப்பாள். எந்தக் காகிதத்திலும் இல்லாத சின்னம்மா.

கோர்படே ஓடினாள். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றி, “ரெண்டும் அருமையா இருக்கு, காகா” என்றாள், மராத்தியில் சித்தப்பா முறை வைத்து. அப்போதுதான் பரமசிவம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

ஜான்சிக்குப் போன் போயிற்று. எதுவும் சாப்பிடாமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உடனே வரச் சொன்னார்கள். அவளும் அவள் அம்மா அந்தோணியம்மாளும் ஆட்டோ பிடித்து ஒரு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்தார்கள். இனி ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்றார்கள். அது சிறுநீரகத் தகுதி நிர்ணயக் கமிட்டியின் கையெழுத்து.

ஏழு பேர் கொண்ட கமிட்டி மூன்று மணிக்குக் கூடியது. முதல் கூட்டம் என்பதால் முறையாகத் தொடங்க வேண்டும் என்று தலைவர் டாக்டர் ராஜ்வாடே விரும்பினார். அவர்தான் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளரும். குத்துவிளக்கு ஏற்றினார்கள். திட்டத்தின் முதல் தானக் குடும்பம் என்று பரமசிவத்தை மேடைக்கு அழைத்து, புனே வழக்கப்படி சால்வை போர்த்தி, கையில் தேங்காய் கொடுத்துக் கௌரவித்தார்கள். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தவர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். பவுன் கீழே பிணவறையில் இருந்தாள். பரமசிவம் மடியில் தேங்காயை வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த நாள்வரை அந்தத் தேங்காயை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவே இல்லை.

ராஜ்வாடே பேசினார். “இந்தத் துறையில் நிமிடம்தான் உயிர். நாம் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு சிறுநீரகம் வாடிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது” என்று ஆரம்பித்தார். இதை உதாரணங்களோடு விளக்க அவருக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. பிறகு வடாபாவும் தேநீரும் வந்தன.

கமிட்டியின் செயலாளர் பத்மநாபன், தஞ்சாவூர்க்காரர். பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் பிழை கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் என்றும் சொல்லலாம். படிவத்தை வரிவரியாக வாசித்துக்கொண்டே வந்தவர் ஏழாவது பத்தியில் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

“மரணம் பதினொன்று இருபது. குளிர்வித்தல் ஆரம்பம் பதினொன்று பதினாறு. இடைப்பட்ட நேரம்...” அவர் நிமிர்ந்தார். “மைனஸ் நாலு நிமிஷம்.”

கமிட்டிக்கு வந்த சட்ட ஆலோசகர்தான் முதலில் சுதாரித்தார். “அப்படியானால் இந்த அம்மா செத்த பிறகு சிறுநீரகம் எடுக்கவில்லை. எடுக்க ஆரம்பித்து நாலு நிமிடம் கழித்துத்தான் செத்திருக்கிறார்.”

கோர்படே எழுந்தாள். “சார், மரண நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவர்க் கடிகாரப்படி எழுதியது. மற்றது அறுவை அரங்கக் கடிகாரப்படி. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா?” என்றார் ராஜ்வாடே. “ஆஸ்பத்திரிக் கடிகாரம் தவறு என்கிறீர்களா?”

இங்கே பரமசிவம் வாய் திறந்தார். திறந்திருக்க வேண்டாம். ஆனால் அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, தெரிந்ததைச் சொன்னால் காரியம் நடக்கும் என்று அந்த வயதிலும் நம்பினார்.

“சார், அந்தக் கடியாரம் பன்னெண்டு நிமிசம் ஃபாஸ்ட். டூட்டிக்கு லேட்டா வர்றாங்கன்னு மூணு வருசமா அப்படித்தான் வச்சிருக்குது.”

பத்மநாபன் தமிழில் கேட்டார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வூட்ல சொல்லுச்சு சார். திங்கக்கெழம திங்கக்கெழம ஸ்டூல் போட்டு ஏறி அதுதான் தள்ளி வைக்கும்.”

“அப்போ அவங்களைக் கூப்பிடுங்கோ. ரெண்டு வார்த்தை கேட்டுண்டா முடிஞ்சு போயிடும்.”

பரமசிவம் அவரையே பார்த்தார். “சார், அதுதான் சார் செத்துப்போச்சு.”

பத்மநாபனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன். “தப்பா நினைச்சுக்காதீங்கோ. சாட்சி இல்லேன்னா நான் எப்படி எழுதறது?” என்றார்.

அந்தக் கடிகாரத்தின் சரித்திரம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம் தள்ளி வைக்க உத்தரவிட்டவர் ராஜ்வாடேதான். யூனியன் பத்து நிமிடம் என்றது. பேச்சுவார்த்தை நடத்திப் பன்னிரண்டரை என்று முடிவாகி, அரை நிமிடத்தை நல்லெண்ண அடிப்படையில் விட்டுக்கொடுத்தார்கள். எழுதி வைத்தால் ஊழியர்களுக்குத் தெரிந்துவிடும் என்று வாய்மொழியாகவே வைத்துக்கொண்டார்கள். இப்போது அதை ஒப்புக்கொண்டால், மூன்று வருஷமாக அந்தப் பிரிவில் செத்த நானூற்றுச் சொச்சம் பேரும் பன்னிரண்டு நிமிடம் முன்னதாகச் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள். அத்தனை சான்றிதழையும் திருத்த வேண்டும். ராஜ்வாடே உத்தரத்தைப் பார்த்தார்.

சட்ட ஆலோசகர் ஒரு வழி சொன்னார். உயிரோடிருப்பவர் தானம் கொடுப்பதற்குத் தனிப் படிவம் இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்துவிட்டால் மைனஸ் நாலு ஒரு சிக்கலே இல்லை. ஆனால் தானம் கொடுப்பவர் கமிட்டியின் முன்னால் நேரில் வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கொடுப்பதாகச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இதை ஐந்து நிமிடம் பரிசீலித்தார்கள். தானம் கொடுப்பவர் வர இயலாத நிலையில் இருப்பதால் கைவிடப்பட்டது என்று குறிப்பு எழுதினார்கள்.

“போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் என்ன?” என்று கோர்படே கத்தினாள்.

நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். உடனே மூவர் கொண்ட துணைக் கமிட்டி அமைத்து, ஆய்வுக்கு வருவதாகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எழுத்து மூலம் தகவல் அனுப்பினார்கள்.

ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று கேட்டால் எந்த வார்டு சும்மா இருக்கும்? தரையைத் துடைத்தார்கள், மருந்து அலமாரியை அடுக்கினார்கள், நோயாளிகளுக்குத் தலை வாரினார்கள். ஐந்து மணிக்குத் துணைக் கமிட்டி போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தபோது சுவர்க் கடிகாரம் மிகச் சரியாக ஐந்து மணி காட்டியது. ஸ்டூல் அதன் கீழேயே கிடந்தது. தலைமை நர்ஸ் சாந்தகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார் சொல்லி யார் ஏறினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. பவுன் போன மறுநாளே அவள் வேலையை வேறு யாரோ செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்று பரமசிவம் நினைத்திருந்தார். அன்றைக்கே செய்வார்கள் என்று நினைக்கவில்லை.

“கடிகாரத்தில் யாதொரு குறையும் இல்லை” என்று துணைக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. ஐந்தரை மணிக்கு மூன்று உறுப்பினர்கள் கிளம்ப வேண்டியிருந்ததால் கூட்டம் மறுநாள் பத்து மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

வராண்டாவில் பெஞ்சில் ஜான்சி சுருண்டு படுத்திருந்தாள். எந்த நேரமும் அறுவை நடக்கலாம் என்பதால் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கூட்டத்தை ஒத்திவைத்த பிறகும் அந்தத் தடையை யாரும் நீக்கவில்லை. அந்தோணியம்மாள் பரமசிவத்தின் தோளில் கிடந்த சால்வையைப் பார்த்தாள்.

“என்னண்ணே, குளிருதா?”

“இல்லம்மா. பரிசு குடுத்தாங்க.”

அவர் சால்வையை எடுத்து ஜான்சிக்குப் போர்த்திவிட்டார். இரவெல்லாம் மூவரும் அங்கேதான் இருந்தார்கள். இரண்டு அறை தள்ளி ஒரு பெட்டியில், ஐஸுக்குள், பவுனுடைய சிறுநீரகங்கள் இருந்தன.

புதன்கிழமை பத்து மணிக் கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. கோர்படே இரவு முழுக்கத் தூங்கவில்லை. சிறுநீரகத் திசுவைச் சோதித்த அறிக்கையை மேசையில் வைத்தாள். எல்லாம் நன்றாக இருந்தது. திரவம் தடையில்லாமல் ஓடுகிறது என்றாள். கடைசியில் கைகூப்பினாள்.

“ஐயா, இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஐஸில் வைக்கக்கூடாது. நீங்கள் எதையும் வாசிக்க வேண்டாம். பக்கத்து அறைக்கு வந்து அந்தச் சிறுநீரகத்தை ஒரு தடவை பாருங்கள்.”

ராஜ்வாடே அன்போடு சிரித்தார். “மகளே, தகுதியை நிர்ணயிக்கும் கமிட்டி நாங்கள். நாங்களே சிறுநீரகத்தைப் பார்த்துவிட்டால் நடுநிலை என்ன ஆவது? நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, நன்றாக இல்லை என்று சொல்ல மனம் வருமா?”

பதினொன்று ஐந்துக்குப் பத்மநாபன்தான் வழி கண்டுபிடித்தார். உண்மையாகவே உதவ வேண்டும் என்று ராத்திரி யோசித்திருக்கிறார். மரண நேரத்தில் எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். கடிகாரத்தைக் குற்றம் சொல்லத் தேவையில்லை. கணவர் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் திருத்திவிடலாம். வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்தார்: ‘என் மனைவி பன்னிரண்டு நிமிடம் முன்னதாக இறந்ததில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.’

“சிவாஜிநகர் கோர்ட்டு வாசல்ல முத்திரைத்தாள்ல டைப் பண்ணித் தருவா. சட்டுனு போயிட்டு வந்துடுங்கோ.”

பரமசிவம் அந்த வரியைப் படித்தார். ஆட்சேபணை இல்லையா? அவள் செத்ததிலேயே அவருக்கு ஆட்சேபணை இருந்தது. பன்னிரண்டு நிமிடம் முன்னால் என்ன, பன்னிரண்டு வருஷம் பின்னால் செத்திருந்தாலும் இருந்திருக்கும். அதைக் கேட்க எந்தக் கமிட்டியும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆட்டோவுக்கு ஓடினார். கோர்ட்டு வாசலில் டைப் அடிப்பவர், ஏன் மனைவி முன்னதாக இறக்க வேண்டும் என்று கேட்டார். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை அடித்ததில்லையாம். திரும்பி வரும்போது சாலையில் போக்குவரத்து நின்றது. பரமசிவம் ஆட்டோவை விட்டு இறங்கி, ஒரு கையில் பத்திரமும் ஒரு கையில் தேங்காயுமாகக் கடைசி ஒரு மைல் ஓடினார். ஐம்பத்தாறு வயது.

பன்னிரண்டு இருபதுக்குப் பத்திரம் மேசைக்கு வந்தது. முத்திரையைச் சரிபார்த்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: பவுன் இறந்த நேரம் பதினொன்று எட்டு, குளிர்வித்தல் பதினொன்று பதினாறு, இடைப்பட்டது எட்டு நிமிடம், மிகச் சிறந்த நிலை. எல்லோரும் கைதட்டினார்கள். பரமசிவமும் தட்டினார். வெளியே சத்தம் கேட்டு அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பத்மநாபன் எட்டாவது பத்திக்குப் போனார்.

“ஐஸில் இருந்த நேரம்.” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி சரியாக ஒன்று. இந்தத் தடவை எந்தக் கடிகாரத்திலும் வித்தியாசம் இல்லை. “இருபத்தைந்து மணி நாற்பத்து நாலு நிமிஷம். அனுமதி இருபத்து நாலு.” பேனாவை மூடினார். “தகுதியில்லை.”

கோர்படே எழுந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். இது குறிப்பில் ‘டாக்டர் கோர்படே விடைபெற்றார்’ என்று பதிவாகியிருக்கிறது.

ராஜ்வாடே முடிவுரை ஆற்றினார். “நமது கமிட்டி ஒரு நிமிடத்தைக்கூட அலட்சியம் செய்யவில்லை. நான்கு நிமிடத்துக்காக ஒரு நாள் முழுவதும் போராடினோம். குடும்பத்தார் பிரமாணப் பத்திரத்தைச் செவ்வாய்க்கிழமையே கொண்டுவந்திருந்தால் ஒரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். மக்களிடம் இன்னும் விழிப்புணர்வு போதவில்லை.”

பயன்படாத சிறுநீரகத்தை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இடமில்லை. உடலோடு சேர்த்துக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும். பிணவறைப் பொறுப்பாளர் முகமது இஸ்மாயில் வயதானவர். பவுனோடு பத்து வருஷம் ஒன்றாகத் தேநீர் குடித்தவர். பெட்டியையும் ஒரு ரசீதையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிமிராமல் இந்தியில் சொன்னார்.

“பாய், இங்கே ஒரு கையெழுத்து. அச்சடித்த ரசீதுதான். எல்லாச் சாமானுக்கும் இதே ரசீதுதான்.”

பரமசிவம் வாசித்தார். ‘சிறுநீரகம், எண்ணிக்கை இரண்டு. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’

இன்னொரு தடவை வாசித்தார். ஏழு பேர், இரண்டு நாள், ஒரு துணைக் கமிட்டி, ஒரு முத்திரைத்தாள். அவர்கள் எழுதாத அந்த ஒரு வரியை எழுத ஆஸ்பத்திரி அவருக்கு அனுமதி கொடுத்திருந்தது. தேங்காயை மேசையில் வைத்துவிட்டு, நிதானமாக, முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதிக் கையெழுத்திட்டார். நகல் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வராண்டாவில் அந்தோணியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜான்சிக்கு இப்போது தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு அளவு உண்டு. டம்ளரில் கால் பங்கு. அதை அவள் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் எழுந்தாள். போர்த்தியிருந்த சால்வையை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டு, ஓரங்களை இழுத்துவிட்டாள். கட்டிலுக்கு விரிப்புப் போடும்போது பவுன் அப்படித்தான் இழுத்துவிடுவாள்.

“அங்கிள்,” என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில். “இவங்க எல்லாம் கராப் ஆயிடுச்சு, கெட்டுப்போச்சுன்னு சொல்றாங்க. மாவ்ஷியோடது... நல்லா இல்லையா?”

பரமசிவம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நல்லா இருந்துச்சும்மா. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”